வாளும் வெண்சுடரும்: ஜப்பானிய வன்முறைப் படங்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று வட்டத்தின் செயலாளர் கேட்டபோது, புறத்திணை பற்றியோ பரணி இலக்கியம் பற்றியோ நான் எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆயினும் அதற்குக் காரணமானதும் ஒரு பரணியே. மூன்றாண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் 'கலிங்கத்துப்பரணி' நடத்திக்கொண்டிருந்தேன். போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடும் பகுதி. பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "அம்மா, இதை இலக்கியம் என்று படிக்கிறோம். நாங்கள் பார்க்கும் ஜப்பானியப் படங்களை மட்டும் போன வாரம் குப்பை என்றீர்களே, அது எப்படி?" என்றார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அவர் கேட்டது நேர்மையான வினா. குப்பை என்று நான் தள்ளிய படங்களுள் ஒன்றையேனும் அதுவரை நான் பார்த்திருக்கவில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடிப் பார்த்தவையும் படித்தவையுமே இக்கட்டுரைக்கு அடிப்படை. திரைக்கலை நுட்பம் அறிந்தவள் அல்லேன்; ஒரு சமுதாயம் தன் குருதியை எவ்வாறு நினைவில் வைக்கிறது என்னும் ஒரு கோணத்திலேயே இவற்றை அணுகியிருக்கிறேன்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் முதற்கண் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியக் கலையில் குருதி திரைப்படத்தோடு வந்ததன்று. 1866, 1867 ஆகிய ஈராண்டுகளில் யோஷிதோஷி, யோஷிக்கு என்னும் ஓவியர் இருவர் சேர்ந்து 28 கொலைக் காட்சிகளை மரக்கட்டை அச்சு ஓவியங்களாக வெளியிட்டனர். படமும் பாட்டும் இணைந்த தொகுதி அது. அதன் பெயரிலேயே பாட்டைக் குறிக்கும் சொல் உண்டு. உலராத குருதிபோல் தோன்றவேண்டும் என்பதற்காகச் சிவப்பு மையில் பசை கலந்து அச்சிட்டார்கள். பல காட்சிகள் கபுக்கி நாடகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாட்டை ஆண்ட தொகுகாவா மரபு அப்போது சரிந்துகொண்டிருந்தது; 1868இல் அது முற்றாக வீழ்ந்தது. ஆட்சி அமைதியாக இருந்த நாள்களில் இத்தகைய ஓவியங்கள் இவ்வளவு விரும்பி வாங்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

திரைப்படம் ஜப்பானில் வேரூன்றியபோது வாட்போர்ப் படங்கள் ஒரு தனி வகையாயின. வாளோடு வாள் மோதும் ஓசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லிலிருந்தே அவ்வகைக்குச் 'சான்பரா' என்னும் பெயர் வந்தது. 1925இல் வெளிவந்த 'ஒரோச்சி' அவற்றுள் முதன்மையானது. நேர்மையான ஓர் இளம் சாமுராய், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுப் படிப்படியாகக் கயவன் என முத்திரை குத்தப்படுகிறான். இறுதியில் தனியொருவனாய்க் காவலர் கூட்டத்தை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபடுகிறான். போக்கிரி என்னும் பொருள்பட முதலில் வைத்த தலைப்பைத் தணிக்கையாளர் ஏற்காமையால் 'பாம்பு' என்னும் இத்தலைப்பு வந்தது. வன்முறைப் படமும் தணிக்கையும் ஜப்பானில் தொடக்கம் முதலே உடன்பிறந்தவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1923 செப்டம்பர் 1 அன்று, தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. அழிந்த நகரத்தினூடே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவன் அண்ணன் அழைத்துச் சென்றான். ஆற்றிலும் தெருவிலும் கிடந்த பிணங்களைக் கண்டு முகம் திருப்பிய தம்பியை, நன்றாகப் பார் என்று வற்புறுத்தினான். அச்சுறுத்தும் ஒன்றைக் கண்மூடி விலக்கினால் அச்சம் வளரும், நேரே பார்த்தால் அச்சம் நீங்கும் என்பது அந்த அண்ணனின் எண்ணம். அச்சிறுவன் அகிரா குரோசாவா. இந்நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அந்நாள்களில் வதந்தியை நம்பிய கும்பல்கள் கொரியர்களைக் கொன்றதையும், நீண்ட தாடி வைத்திருந்த தம் தந்தையையே கொரியர் என எண்ணி ஒரு கும்பல் சூழ்ந்ததையும் அவர் மறைக்காமல் குறித்திருக்கிறார். பிற்காலத்துப் படங்களை நோக்கும்போதெல்லாம் இந்த அண்ணன் தம்பியரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

வாள் தடைசெய்யப்பட்ட ஏழாண்டுகள்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பரில், நாட்டைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நேச நாட்டுப் படைத் தலைமையகம், திரைப்படங்களில் இடம்பெறக் கூடாதவை என 13 பொருள்களைப் பட்டியலிட்டது. போர்வெறி, பழிவாங்குதலை அறமாகக் காட்டல், நிலவுடைமைக் கால விசுவாசம், தற்கொலையைப் போற்றல், பெண்களை இழிவுபடுத்தல் ஆகியவை அவற்றுள் சில. இருநூறுக்கும் மேற்பட்ட பழைய படங்கள் விலக்கப்பட்டன. வாட்போர்ப் படங்கள் ஏறத்தாழ நின்றே போயின.

இதில் நகைப்புக்குரிய ஒன்றும் நிகழ்ந்தது. வாளேந்திப் பேர்பெற்ற நடிகர் கத்தாவொக்கா சியேசோ 1946இல் துப்பறிவாளராக நடிக்கத் தொடங்கினார், கையில் துப்பாக்கி. வாள் நிலவுடைமையின் சின்னம் எனத் தடைசெய்தோர்க்குக் கைத்துப்பாக்கி உறுத்தவில்லை. அஃது அவர்கள் ஊர்ப் பொருளாயிற்றே!

மற்றொரு தடை நகைப்புக்குரியதன்று. ஹிரோஷிமா, நாகசாகி பற்றிய செய்திகளும் ஒளிப்படங்களும் தணிக்கையால் அடக்கப்பட்டன. 1952 ஏப்ரலில் நேச நாட்டு ஆட்சி முடிந்த பின்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், 'ஆசாஹி கிராஃப்' இதழில் அணுகுண்டின் கொடுமையைக் காட்டும் படங்களை மக்கள் பரவலாகக் கண்டனர். கானெத்தோ ஷிந்தோவின் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' வந்ததும் அதே ஆண்டில்தான். வாளும் அணுகுண்டும் ஒரே பூட்டுக்குள் அடைக்கப்பட்டு, ஒரே ஆண்டில் வெளிவந்தன என்பது என் கருத்து. அதன்பின் வந்த வாட்போர்ப் படங்களில் பழங்கால உடையணிந்து வீழ்பவர்கள் பழங்காலத்தவர் மட்டுமல்லர் எனத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) நமக்கு அந்நியமன்று. அதனைக் கண்டு எழுச்சியுற்ற எஸ்.பாலசந்தர், 1954இல் 'அந்த நாள்' படத்தைத் தந்தார். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. ஜப்பானியக் குண்டு பற்றிய தமிழ்ப் படத்துக்கு ஜப்பானியர் ஒருவரின் படமே வழிகாட்டியாயிற்று என்பதை நம் திரை வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

1962 சனவரியில் வந்த அவருடைய 'சான்ஜூரோ'வின் இறுதிக் காட்சியில் இருவர் எதிரெதிரே அசையாமல் நிற்கின்றனர். நெடுநேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. பின் ஒரே வீச்சு. ஒருவன் மார்பிலிருந்து குருதி ஊற்றெனப் பீறிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆயினும் அதற்குமுன் திரையில் குருதி அவ்வாறு பாய்ந்ததில்லை. அக்காட்சியைப் பின்பற்றிப் பிறர் எடுத்த படங்கள் பல. வென்றவன் தன்னைப் புகழும் இளைஞர்கள்மேல் சினங்கொள்கிறான் என்பதைப் பின்பற்றியவர்கள் பலர் மறந்துவிட்டனர். 1970களில் வந்த 'ஓநாயும் குட்டியும்' வரிசைப் படங்களில் அவ்வூற்று ஆறாகிறது. அவற்றைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மூங்கில் வாள்

சொல்ல விரும்புவது மசாகி கோபயாஷி பற்றி. 1916இல் பிறந்த அவர், 1942இல் படைக்கு அழைக்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். போரை ஏற்காத அவர், அதற்கு அடையாளமாகப் பதவி உயர்வுகளை மறுத்துக் கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். போர் முடிந்தபின் ஒக்கினாவாவில் சிறைமுகாமில் இருந்து திரும்பினார்.

அவருடைய 'ஹராகிரி' 1962இல் வெளிவந்து, மறு ஆண்டு கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. கதை நிகழும் ஆண்டு 1630. போர்கள் ஓய்ந்துவிட்டமையால் தலைவனை இழந்த சாமுராய்கள் வேலையின்றி வறுமையில் உழல்கின்றனர். பெருங்குடி ஒன்றின் மாளிகைக்கு வந்து, முற்றத்தில் வயிறு கிழித்து மாள இடம் தாருங்கள் என்று கேட்பதும், இரக்கப்பட்டு வீட்டார் காசோ வேலையோ கொடுத்தனுப்புவதும் வழக்கமாகிறது. இதனை ஒழிக்க எண்ணிய ஈயி குடியினர், அவ்வாறு வந்த இளைஞன் ஒருவனை உண்மையிலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் செய்கின்றனர். நோயுற்ற மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் அவன் தன் வாள்களை விற்றுவிட்டான். உறையில் இருப்பது மூங்கில். அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள் என்கின்றனர். அவன் கிழித்துக்கொள்கிறான்.

இக்காட்சியை முதன்முறை பார்த்தபோது நான் எழுந்து வெளியே சென்றுவிட்டேன். மறுநாள் திரும்பவும் பார்த்தேன். காட்டப்படும் குருதி குறைவு. மூங்கில் உள்ளிறங்க மறுக்கும்போது அவன் அதன்மேல் தன் உடலைச் சாய்ப்பதும், சுற்றி அமர்ந்திருப்போர் சடங்கு முறை வழுவாமல் நோக்குவதுமே தாங்க முடியாதவை. கண்ணியம் என்னும் சொல்லின் வயிற்றையே கோபயாஷி கிழித்துக் காட்டுகிறார்.

பின்னர் அவனுடைய மாமனார் அதே முற்றத்துக்கு வருகிறார். பழி வாங்குகிறார், வீட்டின் வழிபாட்டுப் பொருளாகிய முன்னோர் கவசத்தை எடுத்துத் தரையில் வீசுகிறார். அவரை வாளால் வெல்ல முடியாதவர்கள் இறுதியில் துப்பாக்கிகளைக் கொண்டுவருகின்றனர். வரலாறு பயில்வோர்க்கு முதன்மையானது அதன்பின் வருவது. முற்றம் கழுவப்படுகிறது, சிதறிய கவசம் மீண்டும் பொருத்தப்பட்டு உரிய இடத்தில் அமர்த்தப்படுகிறது. சண்டையில் மாண்ட வீட்டுக் காவலர்கள் நோயால் இறந்தார்கள் எனப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. படம் தொடங்குவதும் முடிவதும் அப்பதிவேட்டில்தான். ஆவணத்தை நம்பியே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவள் நான். கல்வெட்டில் உள்ளதே வரலாறு என்று இன்றும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அப்பதிவேட்டின் பக்கங்கள் திரையில் புரளும்போது, நான் படித்த மெய்க்கீர்த்திகள் எத்தனை முற்றங்களைக் கழுவியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பதினைந்து வயது

கோபயாஷி படைவீரராகப் போரைக் கண்டவர். அடுத்த தலைமுறை அதனைச் சிறுவர்களாகக் கண்டது. 1930இல் மீத்தோ நகரில் பிறந்த கின்ஜி ஃபுகாசாகு, போர் முடியும் ஆண்டில் படைக்கலத் தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்ட பள்ளி மாணவர். 1945 சூலையில் அத்தொழிற்சாலை கடற்படைக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. ஒளிய இடமின்றி மாணவர்கள் ஒருவர் உடலுக்கடியில் ஒருவர் புகுந்தனர். உயிர் தப்பியவர்கள் தோழர்களின் உடல்களை அள்ளி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. பெரியவர்கள் சொன்ன அனைத்தின்மீதும் தமக்கு நம்பிக்கை போனது அன்றுதான் என்பதை ஃபுகாசாகு பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

1973 சனவரியில் வந்த அவருடைய 'அறமும் மனிதமும் அற்ற போர்கள்' அணுகுண்டு முகிலின் ஒளிப்படத்தோடு தொடங்குகிறது. கதை ஹிரோஷிமாவை அடுத்த குரே நகரின் கள்ளச் சந்தையில் விரிகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டில் தோயெய் நிறுவனம் எடுத்துக் குவித்த யாகுசா படங்களில் குண்டர்கள் செய்ந்நன்றியும் சொல்தவறாமையும் உடைய மறவர்களாகவே தோன்றினர். ஃபுகாசாகுவின் குண்டர்களோ காசுக்காகக் காட்டிக்கொடுப்பவர்கள். கேமரா கையில் ஆடுகிறது. ஒருவன் கொல்லப்படும்போது படம் உறைந்து நிற்க, அவன் பெயரும் இறந்த நாளும் எழுத்தில் தோன்றுகின்றன. விரலை வெட்டித் தரும் புகழ்பெற்ற சடங்கு இதில் கேலிக்கூத்தாகிறது. வெட்டிய விரல் துள்ளிப் போய்விட, கோழிகளுக்கிடையே அதனைத் தேடுகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே காட்சி இது. சிரித்ததற்கு வெட்கப்படவும் இல்லை. இறுதியில் நாயகன் இறந்த நண்பனின் நீத்தார் சடங்குக்கு வந்து, படையல் மேடையையே சுட்டுச் சிதைக்கிறான்.

தம் எழுபதாம் அகவையில், 2000 டிசம்பரில், அவர் 'பேட்டில் ராயல்' படத்தை வெளியிட்டார். அரசு ஆணைப்படி ஒரு வகுப்பின் 42 மாணவர்கள் தீவொன்றில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், ஒருவரே மீளலாம். நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் கண்டித்தனர். பதினைந்து வயது நிரம்பாதோர் பார்க்கக் கூடாது என வகைப்படுத்தப்பட்டது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இப்படம் உவப்பானதன்று. ஆனால் அந்த வயதில் தோழர்களின் உடல்களை அள்ளிய ஒருவர் எடுத்த படம் என்பதை அறிந்தபின், அதைச் சிறுவர்களைக் கெடுக்கும் படம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க மனம் வரவில்லை. அதன் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருக்கையில் 2003 சனவரியில் அவர் மறைந்தார்.

வரைந்த உடல்கள்

'அனிமே' எனப்படும் வரைகலைப் படங்களைச் சிறுவர்க்குரியவை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1983இல் வந்த 'வெறுங்கால் கென்' படத்தின் சில நிமிடங்களே அவ்வெண்ணத்தைப் போக்கப் போதுமானவை. மூலக்கதை ஆசிரியர் கேஜி நகாசாவா 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவர். பள்ளியின் மதில் அவரைக் காத்தது. தந்தை, தமக்கை, தம்பி மூவரும் மாண்டனர். வெண்சுடர் தோன்றிய நொடியில் தெருவில் நின்றவர்களின் உடல்கள் உருகுவதை அப்படம் ஒவ்வொருவராகக் காட்டுகிறது. நடிகர்களைக் கொண்டு இதனை எடுத்திருந்தால் ஒப்பனை என்று கண் தப்பித்துக்கொள்ளும். வரைந்த கோட்டுக்கு அத்தகைய தப்பிப்பு இல்லை. பார்த்த கை வரைந்திருக்கிறது.

1988 சூலை 16இல் வெளியான காட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா', அதே நாளில் தோக்கியோ அழிவதோடு தொடங்குகிறது. ஓசையே இல்லை, வெண்ணிறக் கோளம் ஒன்று நகரத்தின்மேல் விரிகிறது. 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் ஒரு சூலை 16தான். 1954இல் பிறந்த ஒட்டோமோ போரைக் கண்டவர் அல்லர். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணத் தாள்களில் வரையப்பட்ட இப்படத்தில், 2019ஆம் ஆண்டின் புதிய தோக்கியோவில் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் திரிகின்றனர். மறு ஆண்டின் ஒலிம்பிக்குக்காக அரங்கம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2020 ஒலிம்பிக் தோக்கியோவுக்குப் பின்னாளில் உண்மையிலேயே கிடைத்தபோது பலரும் இதனை நினைவுகூர்ந்தனர். அவ்வரங்கத்தில்தான் தெத்சுவோ என்னும் இளைஞனின் உடல் அவன் அடக்கத்துக்குள் நில்லாமல் வீங்கிப் பெருகித் தன்னைச் சார்ந்தவளையே நசுக்குகிறது. வலிமை மிகுந்த நாடொன்றின் அச்சம் அது.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி விளம்பரதாரர்களுக்கு அஞ்ச வேண்டாத ஒளிநாடாச் சந்தை 1980களில் பெருகியபோது, வீட்டில் பார்ப்பதற்கென்றே படங்கள் வந்தன. அவற்றுள் பெண்ணுடலைச் சிதைப்பதையே விற்பனைப் பொருளாக்கியவை பல. மாணவர்கள் அவற்றையும் கலை என்று கொண்டுவந்தால், பழைய சொல்லையே மீண்டும் சொல்வேன்: குப்பை. சதோஷி கொன் 1997இல் எடுத்த 'பெர்ஃபெக்ட் புளூ', பார்க்கும் அந்த ஆண் கண்ணையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அது விதிவிலக்கு.

இன்னொரு குறை எனக்கு நெருக்கமானது. இப்படங்களில் பெரும்பாலானவை ஜப்பானியர் சிந்திய குருதியை நினைவில் வைக்கின்றன. அவர்கள் பிறரைச் சிந்தவைத்த குருதியை அல்ல. என் அப்பாயியின் அண்ணன் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943க்குப் பின் அவரிடமிருந்து கடிதமில்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பானியப் படை கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருள் அவரும் ஒருவர் என்று, திரும்பிவந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம். அப்பாயி அதை ஒருமுறைதான் சொன்னார்.

விதிவிலக்கு இங்கும் உண்டு, மீண்டும் கோபயாஷியே. 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களாக வந்த, ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'மனித நிலை' படத்தில், மஞ்சூரியச் சுரங்கத்தில் சீனக் கைதிகள் கட்டாய வேலை செய்கின்றனர். முள்வேலிக்குப் பின்னால் நிற்கின்றனர். வாளால் தலை வெட்டப்படுகின்றனர். வெட்டுபவன் ஜப்பானியன். சாமுராய்ப் படங்களில் நாம் வியக்கும் அதே வாள். அக்காட்சியில் என் கண் தேடியது சீனர்களை மட்டுமன்று.

'வெறுங்கால் கென்' கதைக்கு நேர்ந்ததையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். 2012 டிசம்பரில் மாட்சுவே நகரக் கல்வி நிருவாகம், அச்சித்திரக்கதை நூலைப் பள்ளி நூலகங்களில் மாணவர்கள் தாமாக எடுத்துப் படிக்க இயலாதவாறு உள்ளே வைக்கச் சொன்னது. மறு ஆண்டு ஆகஸ்டில் செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பவே, அத்தடை நீக்கப்பட்டது. மிகக் கொடியது என்று அவர்கள் காட்டியது உருகும் உடல்களை அன்று. ஆசிய நாடுகளில் ஜப்பானியச் சிப்பாய்கள் செய்த கொடுமைகளை நகாசாவா வரைந்திருந்த பக்கங்களையே.

அந்த மாணவர் இப்போது வேலையில் இருக்கிறார். 2025இல் 'டீமன் ஸ்லேயர்' வரிசையின் படம் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தபோது எனக்கும் ஒரு நுழைவுச்சீட்டு எடுத்துவந்தார். இடைவேளையில் என் கருத்தைக் கேட்டார். வண்ணம் அழகு, வசனம் மிகுதி என்றேன், அவருக்கு வருத்தம்தான். பதிலுக்கு 'ஹராகிரி'யைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பேசினார்.

அடுத்த திங்கள் கூட்டத்தில் அப்படத்தைத் திரையிட வட்டத்தினர் இசைந்துள்ளனர். இரண்டே கால் மணி நேரம் ஓடும். மூங்கில் வாள் காட்சியில் எழுந்து வெளியே செல்ல விரும்புவோர் செல்லலாம், நானும் சென்றவள்தான். பதிவேடு மூடப்படுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.